மழைக்காலத்தில் காருக்கு முட்டுக்கட்டை போடுங்கள்

ஆனி மாதம் பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கின் மேல்பகுதியில் வெயிலை நம்ப முடியாது. மேற்கே கேரளத்தில் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை, தன் மிச்சத்தைக் காற்றோடு சேர்த்து மலைக் கணவாய் வழியாக நம் பக்கம் அனுப்பிவைக்கும். அதைத்தான் சாரல் என்கிறோம். கூடலூரும் கம்பமும் நனைகிற அளவுக்கு ஆண்டிபட்டி நனையாது. ஆனால் நனைகிற ஊர்களில் அது விட்டு விட்டு நாள்கணக்கில் நனைக்கும். துணி காயாது. தீப்பெட்டி நமத்துப் போகும். கதவுத் தாழ்ப்பாள் இறுகும்.

இப்படிப்பட்ட நாட்களில் ஒரு வீட்டு வாசலில் கார் ஒன்று பத்து நாள் ஓடாமல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கிறார். பொறுப்பான மனிதர். போகுமுன் காரை நன்றாகக் கழுவி, சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இறுக இழுத்துவிட்டுத்தான் போனார். திரும்பி வந்து சாவியைத் திருகுகிறார். என்ஜின் ஓடுகிறது. ஹேண்ட் பிரேக்கை இறக்குகிறார். எதிரே இருக்கும் சிவப்பு விளக்கும் அணைகிறது. கியரைப் போட்டுக் கிளப்பினால் கார் ஒரு துள்ளு துள்ளி நின்றுவிடுகிறது. பின்னால் யாரோ பிடித்து இழுத்து வைத்திருப்பதைப் போல!

உடனே தெருவே கூடிவிடும். கியர் பெட்டி போய்விட்டது என்பார் ஒருவர். எலி ஒயரைக் கடித்திருக்கும் என்பார் இன்னொருவர். இந்தக் கம்பெனி காரே இப்படித்தான் என்று மூன்றாமவர் தீர்ப்பு எழுதிவிடுவார். கூட்டத்தில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மாணவர்கள் இரண்டு மூன்று பேராவது நின்று வேடிக்கை பார்ப்பார்கள். காரைப் பிடித்து வைத்திருப்பது யார் என்று சொல்லக்கூடியவர்கள் உண்மையில் அவர்கள்தாம். அவர்களும் வாய் திறப்பதில்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

காரைப் பிடித்து வைத்திருப்பது துரு. பாடப் புத்தகத்தில் மூன்று சோதனைக் குழாய்களில் மூன்று ஆணிகளைப் போட்டு நீங்கள் படித்த அதே துரு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் பல நாட்கள் ஓட்டப்போகாத காரை, சமதரையில் நிறுத்துவதாக இருந்தால், ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல் விடுவதே நல்லது. அதைக் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். 'பிரேக் போடாமல் காரை நிறுத்துவதா?' என்று உங்கள் அப்பாவோ மாமாவோ அதட்டலாம். அதனால் காரணங்களைத் தெரிந்துகொண்டு அவர்களிடம் பேசுங்கள்.

முதலில் சக்கரத்துக்குள்ளே எட்டிப் பார்ப்போம். இப்போதும் நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றின் பின்சக்கரங்களில் இருப்பது டிரம் பிரேக். பிரேக் டிரம் என்பது வார்ப்பிரும்பினாலான, ஆழமில்லாத ஒரு சட்டி. சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் சுற்றும். சட்டிக்குள்ளே பிறை வடிவில் இரண்டு துண்டுகள் எதிரெதிராக அமர்ந்திருக்கும். அவை சுற்றா. அவற்றுக்கு பிரேக் ஷூ என்று பெயர். ஷூவின் வெளிமுதுகில் லைனிங் என்ற பட்டை ஒட்டப்பட்டோ ரிவெட் அடிக்கப்பட்டோ இருக்கும். நீங்கள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் ஒரு கம்பிவடம், அதாவது கேபிள், இரண்டு ஷூக்களையும் விரித்து டிரம்மின் உள்சுவரோடு அழுத்துகிறது. லைனிங் உராய்கிறது, அல்லது நின்ற இடத்திலேயே பற்றிக்கொள்கிறது.

சரி, ஹேண்ட் பிரேக்கை இறக்கும்போது என்ன நடக்கிறது? இங்கேதான் பலர் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். நெம்புகோலைக் கீழே தள்ளினால் ஷூவும் உள்ளே தள்ளப்படுகிறது என்று எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. கயிற்றால் ஒரு பொருளை இழுக்கலாம். கயிற்றால் தள்ள முடியுமா? கேபிளும் ஒரு கயிறுதான். நெம்புகோலை இறக்கினால் கேபிள் தளர்கிறது, அவ்வளவே. ஷூவை டிரம்மிலிருந்து பிரித்து உள்ளே இழுப்பவை சில சிறிய சுருள்வில்கள். அவற்றின் இழுவிசை எவ்வளவோ அவ்வளவுதான் விடுவிக்கும் விசை. ஓட்டுநர் நெம்புகோலை எத்தனை பலத்தோடு இறக்கினாலும் அந்த விசை ஒரு துளியும் கூடாது. சிவப்பு விளக்கும் நெம்புகோல் இறங்கிவிட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. ஷூ விட்டதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

இனித் துருவின் கதை. இரும்பு, நீர், ஆக்ஸிஜன் மூன்றும் சந்தித்தால் துரு உண்டாகும் என்பது உங்களுக்குத் தெரியும். டிரம்மின் உள்சுவரில் இந்த மூன்றும் தாராளமாகச் சந்திக்கின்றன. காரின் மற்ற இரும்புப் பாகங்களுக்கெல்லாம் பெயின்ட் அடிக்கலாம், துத்தநாகம் பூசலாம், கிரீஸ் தடவலாம். பிரேக் பிடிக்க வேண்டிய பரப்புக்கு மட்டும் எதையும் பூச முடியாது. பூசினால் பிரேக் பிடிக்காது, அல்லது முதல் பிரேக்கிலேயே பூச்சு தேய்ந்துவிடும். ஆகவே அது எப்போதும் வெற்று இரும்பாகவே இருந்தாக வேண்டியிருக்கிறது. மழையில் ஓடியபோது தெறித்த நீர், கழுவும்போது புகுந்த நீர், சாரலில் வந்த ஈரக்காற்று எல்லாம் அந்த வெற்று இரும்பைத் தொடுகின்றன. இரும்பு துருப்பிடிக்க அது சொட்டச் சொட்ட நனைந்திருக்கக்கூட வேண்டியதில்லை. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 60 சதவீதத்தைத் தாண்டினாலே துருவேறும் வேகம் சட்டென்று கூடுகிறது என்பதை இங்கிலாந்தின் வெர்னான் 1930-களிலேயே ஆராய்ந்து காட்டிவிட்டார். சாரல் நாட்களில் நம் பள்ளத்தாக்கில் இந்த எல்லை எளிதில் தாண்டப்படும். அதோடு 1895 முதல் பெரியாற்று நீர் சுரங்கம் வழியாக வந்து பாயும் வயல்களும், தென்னந்தோப்புகளும், வாய்க்கால்களும் சுற்றிலும் இருக்கும்போது ஈரத்துக்குக் கேட்க வேண்டுமா?

துருப்பிடிப்பது மட்டுமே குற்றம் என்று சொல்லிவிடாதீர்கள். மோட்டார் சைக்கிளின் டிஸ்க் பிரேக்கை மழைக்கு மறுநாள் காலையில் பாருங்கள். வட்டத் தகடு முழுவதும் ஆரஞ்சு நிறப் பொடி பூத்திருக்கும். வண்டி நூறு அடி ஓடி ஒருமுறை பிரேக் பிடித்ததும் தகடு பழையபடி பளபளக்கும். போடிநாயக்கனூர் ரயில் நிலையத்துக்குப் போனால் தண்டவாளத்தைக் கவனியுங்கள். 2010-ஆம் ஆண்டின் இறுதியில் அகலப்பாதைக்காக மூடப்பட்ட அந்தத் தடத்தில் ரயில் 2022-இல் தேனி வரைக்கும், 2023-இல் போடி வரைக்கும் திரும்பவும் வந்தது. சக்கரம் உருளும் தண்டவாளத்தின் உச்சி வெள்ளிபோல் மின்னும். இரண்டு அங்குலம் தள்ளிப் பக்கவாட்டில் பார்த்தால் காவி நிறம். ஒரே இரும்பு, ஒரே மழை. ஒரு பரப்பு தினமும் தேய்கிறது, மற்றது தேய்வதில்லை.

அப்படியானால் ஹேண்ட் பிரேக் இழுத்த காரில் மட்டும் துரு ஏன் பசையாக மாறுகிறது? லைனிங்கை நன்றாகப் பார்த்தால் விளங்கும். அது கல்லைப் போலத் தோன்றினாலும் உள்ளே நுண்துளைகள் நிறைந்தது. பிசின், நார்கள், தாதுப்பொடிகள், சில வகைகளில் உலோகத் துகள்கள் ஆகியவற்றைச் சேர்த்து அழுத்திச் சுட்டுச் செய்த பண்டம். ஈரத்தை உறிஞ்சிவைத்துக்கொள்ளும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைப்பது, ஈரத்துணியை இரும்பின் மேல் வைத்துக் கல்லைத் தூக்கி வைப்பதற்குச் சமம். டிரம்மின் மற்ற இடங்கள் காற்றில் உலர்ந்துவிடும். லைனிங் அழுத்திய இடம் மட்டும் உலராது.

அந்த இடுக்கில் நடப்பதை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஈவான்ஸ் என்ற விஞ்ஞானி ஒரே ஒரு சொட்டு உப்புநீரைக் கொண்டு விளக்கினார். இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு விட்டால் அதன் ஓரத்தில் ஆக்ஸிஜன் மிகுதி, நடுவில் குறைவு. ஆக்ஸிஜன் குறைந்த நடுப்பகுதி மின்கலத்தின் நேர்மின்வாய் போல நடந்துகொள்கிறது. அங்கே இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை இழந்து அயனிகளாகக் கரைகின்றன. ஓரத்தில் ஆக்ஸிஜனும் நீரும் அந்த எலெக்ட்ரான்களை வாங்கிக்கொள்கின்றன. இரண்டுக்கும் இடையில் துரு படிகிறது. லைனிங் அழுத்திய இடமும் இப்படிப்பட்ட ஓர் இடுக்குதான். காற்றுப் படாத இடத்தில்தான் இரும்பு கரைகிறது என்பது கேட்பதற்கு விந்தையாக இருக்கிறதல்லவா? ஆனால் உண்மை.

இதற்கு மேல் இன்னொன்று உண்டு. துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதே இரும்பிலிருந்து உண்டான இரும்பு ஆக்ஸைடின் கனஅளவு இரண்டு மடங்குக்கும் மேல். நீர் கலந்த துருவுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருவேறினால் கான்கிரீட் பிளந்து விழுவது இதனால்தான். டிரம்முக்கும் லைனிங்குக்கும் இடையே பிறக்கும் துரு எங்கே போகும்? லைனிங்கின் நுண்துளைகளுக்குள் வளர்கிறது. ஆயிரக்கணக்கான நுண்ணிய வேர்கள் மண்ணில் இறங்குவதுபோல் துரு லைனிங்கில் இறங்கிப் பற்றிக்கொள்கிறது. பிறகு கொஞ்சம் வெயில் அடித்து ஈரம் காய்ந்தால் பிடிப்பு இன்னும் இறுகிவிடுகிறது.

இந்தப் பிடிப்பு எவ்வளவு வலுவானது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஷூவின் லைனிங் 15 சென்டிமீட்டர் நீளம், 3 சென்டிமீட்டர் அகலம் என்று கொள்வோம். பரப்பு 45 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் துரு வெறும் 1 கிலோகிராம் எடை விசையோடு பிடித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு ஷூவுக்கு 45, ஒரு சக்கரத்தின் இரண்டு ஷூக்களுக்கு 90, இரண்டு பின்சக்கரங்களுக்கும் சேர்த்து 180 கிலோகிராம். டிரம்மின் ஆரம் 10 சென்டிமீட்டர், சக்கரத்தின் ஆரம் 28 சென்டிமீட்டர் என்றால், தரையில் இந்தப் பிடிப்பை எதிர்க்க வேண்டிய விசை 180-ஐ 10-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தால் கிடைப்பது: சுமார் 64 கிலோகிராம். சமதரையில் 900 கிலோகிராம் காரை உருட்டச் சாதாரணமாக 10 முதல் 15 கிலோகிராம் விசை போதும். இரண்டு பேர் சிரித்துப் பேசிக்கொண்டே தள்ளக்கூடிய காரை நாலைந்து பேர் மூச்சுப் பிடித்துத் தள்ள வேண்டிய நிலைமைக்கு, கட்டைவிரல் நகத்தளவு இடத்துக்கு ஒரு கிலோ பிடிப்பே போதுமானதாகிறது! நான் எடுத்துக்கொண்ட அளவுகள் கணக்குக்காகத்தான். உங்கள் வீட்டுக் காரின் அளவுகளைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

இது ஏதோ நம் தெரு மெக்கானிக் கண்டுபிடித்த புதுமை அல்ல. பிரேக் லைனிங் இரும்போடு துருவினால் ஒட்டிக்கொள்வதைச் சோதிப்பதற்கென்றே சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 1980-இல் 6315 என்ற எண்ணில் ஒரு தரத்தை வெளியிட்டது. ஜப்பானியத் தரங்களிலும் இதற்குத் தனிச் சோதனை முறை உண்டு. கார் செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரிந்த செய்திதான். துருவை ஆராய்வதற்கு நம் மாநிலத்திலேயே புகழ்பெற்ற கூடம் ஒன்றும் இருக்கிறது. காரைக்குடியில் 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அது. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் கொடுத்து வந்த நிறுவனம். மண்டபத்தின் கடற்காற்றில் உலோகத் தகடுகளை வைத்து அவை அரிபடுவதை அளந்தவர்கள் அவர்கள்.

2020-ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது இந்தச் செய்தி திடீரென்று எல்லா வீட்டுக்கும் தேவைப்பட்டது. கம்பம், போடி, கூடலூர்ப் பக்கத்திலிருந்து தினமும் விடியற்காலையில் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கேரள மலைகளுக்குப் போகும் ஜீப்புகள் எல்லை மூடப்பட்டதால் நின்றுபோயின. வீட்டுக் கார்களும் வாரக்கணக்கில் வாசலிலேயே நின்றன. சித்திரை, வைகாசியில் கோடை மழையும் பெய்யும் அல்லவா? அந்த நாட்களில் நிறுத்திவைத்த காரின் ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டுக் கியரிலும் கட்டையிலும் நிறுத்துங்கள் என்ற யோசனை பல பக்கங்களிலிருந்தும் சொல்லப்பட்டது. ஊரடங்கு போனதும் யோசனையும் மறந்துபோயிற்று. பத்து நாள் தீர்த்த யாத்திரைக்கும் அதே விதிதான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது மறுப்புகளுக்கு வருகிறேன். அனுபவமுள்ள ஓட்டுநர்கள் சொல்லும் முதல் மறுப்பு: 'கியரை மட்டும் நம்பி வண்டியை விட்டால் உருண்டுவிடும்.' இது முழுக்க நியாயமான பேச்சு. கியரில் நிற்கும் காரைப் பிடித்து வைத்திருப்பது என்ஜினின் சிலிண்டர்களில் அடைபட்ட காற்றும் உள் உராய்வும்தான். அடைபட்ட காற்று மெல்ல மெல்லக் கசியும். சரிவில் நிற்கும் கார் அங்குலம் அங்குலமாக நகர்ந்துவிடக்கூடும். அதனால்தான் முட்டுக்கட்டை வேண்டும் என்கிறேன். சரிவான இடத்துக்கு என் யோசனை பொருந்தவே பொருந்தாது. 17 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுச் சாலையிலோ குமுளி மலைச்சாலையிலோ தேநீர் குடிக்க நிறுத்தினால் ஹேண்ட் பிரேக், கியர், சக்கரத்துக்குக் கல் மூன்றும் வேண்டும். அரைமணி நேரத்தில் எந்தத் துருவும் லைனிங்கில் வேர்விடாது. வீடே சரிவில் இருந்தால் ஒட்டிக்கொண்ட பிரேக்கை நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம். உருண்ட காரைச் சரிசெய்ய முடியாது. பிரேக்கை இழுத்தே வையுங்கள்.

இரண்டாவது மறுப்பு சட்டத்தின் பெயரால் வரும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு, பொது இடத்தில் ஓட்டுநர் இல்லாமல் நிற்கும் வண்டியைப் பற்றிப் பேசுகிறது. என்ஜின் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். பிரேக் போட்டிருக்க வேண்டும், அல்லது வண்டி தற்செயலாக நகர்ந்துவிடாதபடி வேறு நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். அந்த 'அல்லது' என்ற சொல்லைக் கவனியுங்கள். சட்டம் கேட்பது வண்டி நகரக் கூடாது என்பதையே. நான் சொல்வது வீட்டு வளாகத்துக்குள் சமதரையில் நிற்கும் காரைப் பற்றி என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது மறுப்புதான் என்னைச் சற்று யோசிக்க வைத்தது. 'ஹேண்ட் பிரேக்கைத் தொடாமலே விட்டால் கேபிளே உறைக்குள் துருப்பிடித்து இறுகிவிடாதா?' இறுகும். ஹேண்ட் பிரேக்கையே மறந்துவிட்டுக் கியரில் மட்டுமே நிறுத்திப் பழகியவர்களின் கார்களில் கேபிள் இறுகி, என்றோ ஒருநாள் இழுத்தால் திரும்பாமல் நின்றுவிடும். ஆகவே தினமும் ஓடும் காரில் ஹேண்ட் பிரேக்கைத் தினமும் பயன்படுத்துங்கள் என்றே நானும் சொல்வேன். விட்டுவிடச் சொல்வது ஈர நாட்களில் நெடுநாள் நிற்கும்போது மட்டும். தானியங்கிக் கியர் உள்ள கார்களில் 'பி' என்ற நிலையில் ஒரு பல் கியரைப் பூட்டிவிடும். பொத்தானை அமுக்கினால் மோட்டாரே பிரேக் போடும் புதிய கார்களுக்கு அவற்றின் கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

முட்டுக்கட்டை என்ற சொல்லைக் கேட்டதும் உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள். இன்று அந்தச் சொல்லை முன்னேற்றத்துக்கு இடையூறு செய்வது என்ற பொருளில்தானே செய்தித்தாள்கள் எழுதுகின்றன! தேரோட்டம் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்புத் தெரியும். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் போனால் தேரின் வடத்தைப் பிடிப்பவர்களை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். இப்படிப்பட்ட தேர்களில் சக்கரத்தின் அருகில் கட்டையோடு நடக்கிறவர்கள்தாம் தேரைத் திருப்புகிறவர்களும் நிறுத்துகிறவர்களும். கட்டைக்குக் கேபிள் இல்லை, சுருள்வில் இல்லை, துருப்பிடிக்க இரும்பும் இல்லை. ஆப்பு வடிவம் ஒன்றே அதன் தத்துவம். காருக்கும் அப்படி நாலு ஆப்புக்கட்டைகளைத் தச்சரிடம் வேலை மிச்சமான மரத்தில் செதுக்கி வாங்கிவிடலாம். உருண்டைக் கல்லை வைப்பது பயனில்லை. அது சக்கரத்தோடு சேர்ந்து உருளும். கட்டையை எடுக்காமல் காரைக் கிளப்பாமல் இருக்க, அதில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி அடுத்த நுனியைக் கதவுக் கைப்பிடியில் முடிந்துவையுங்கள்.

நிறுத்துவதற்கு முன் செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. பிரேக்கை உலர்த்துவது. கார் 900 கிலோகிராம், வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் என்றால் அதன் இயக்க ஆற்றல் 45,000 ஜூல். நிறுத்தும்போது இவ்வளவும் பிரேக்குகளில் வெப்பமாகிறது. முழுவதும் நீருக்கே போனால் ஏறத்தாழ 17 கிராம் நீரை ஆவியாக்கலாம். ஆனால் இரும்பு தன் பங்கை எடுத்துக்கொள்ளும். பிரேக்கின் வேலையில் பெரும்பகுதியை முன்சக்கரங்கள் செய்கின்றன. பின்சக்கரத்துக்குக் கிடைப்பது கொஞ்சமே. அதனால் ஒருமுறை போதாது. ஆளில்லாத சாலையில் மெல்லப் பிரேக்கை மிதித்து மிதித்துக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து நிறுத்த வேண்டும். கழுவிய கையோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு ஊருக்குப் போவதுதான் இருப்பவற்றிலேயே மோசமான வழக்கம். அந்தப் பொறுப்பான மனிதர் செய்தது அதைத்தான்.

சரி, ஒட்டிக்கொண்டுவிட்டது. என்ன செய்வது? பெரும்பாலானோர் செய்வது ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதிப்பது. 'டப்' என்று ஒரு சத்தம் வரும், கார் பாயும், எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தச் சத்தத்தில் பிரிந்தது துருவாகவும் இருக்கலாம், லைனிங்காகவும் இருக்கலாம். லைனிங் ஷூவிலிருந்து உரிந்து வந்திருந்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் குடும்பத்தோடு தேக்கடி போய்விட்டுக் குமுளியிலிருந்து லோயர் கேம்புக்கு இறங்கும்போது, ஒரு பின்சக்கரத்தில் பிரேக் பாதிதான் இருக்கிறது என்பது தெரியவரும். இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். முதல் கியரிலும் ரிவர்ஸிலும் மாற்றி மாற்றி மெதுவாக அசைத்துப் பார்க்கலாம். விடாவிட்டால் மெக்கானிக்கை அழைப்பதே சரி. அவர் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு டிரம்மைச் சுற்றிலும் தட்டி விடுவிப்பார். நீங்கள் காருக்கு அடியில் குனிந்து பார்க்கக்கூடப் போகாதீர்கள். பிரேக் விடுபட்ட கணத்தில் கார் உருளும். மண்ணெண்ணெய், எண்ணெய் எதையும் டிரம்முக்குள் ஊற்ற விடாதீர்கள். துரு விடுமோ விடாதோ, எண்ணெய் குடித்த லைனிங் மறுபடி பிரேக் பிடிக்காது.

பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. மூன்று ஆணிச் சோதனை நல்ல சோதனைதான். துரு எப்போது உண்டாகிறது என்பதை அது சொல்கிறது. துரு என்ன செய்யும், எதைப் பிடிக்கும், எந்த விசையோடு பிடிக்கும் என்பதை அது சொல்வதில்லை. அதனால்தான் தேர்வில் சமன்பாட்டை எழுதிய மாணவன் தெருவில் காரைப் பார்த்து வாயடைத்து நிற்கிறான். கீழே உள்ள சோதனையை வகுப்பில் செய்து பார்க்கலாம், செலவு ஏதுமில்லை.

வீட்டில் கைவிட்ட பழைய இரும்புத் தோசைக்கல் ஒன்றை அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள். புழக்கத்தில் உள்ள கல்லை எடுத்தால் வரும் விளைவுகளுக்குப் பத்திரிகை பொறுப்பல்ல! அதை உப்புத்தாள் கொண்டு வெற்று இரும்பு தெரியும்வரை தேயுங்கள். தடித்த பருத்தித் துணியில் ஒரே அளவாக ஐந்து துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் நூல் தைத்துக்கொள்ளுங்கள். முதல் துணியைக் கிணற்று நீரில் நனையுங்கள். இரண்டாவதை உப்புநீரில். மூன்றாவதைத் தோட்டத்துக்குப் போடும் பொட்டாஷ் உரம் கரைத்த நீரில். நான்காவதை மயில்துத்தக் கரைசலில். திராட்சைத் தோட்டக்காரர்கள் போர்டோ கலவைக்கு வாங்கும் அதே நீலப்படிகம்தான், ஆசிரியர் முன்னிலையில் மட்டும் எடுங்கள், கையில் படக்கூடாது. ஐந்தாவதைத் தெளிந்த சுண்ணாம்பு நீரில். ஐந்தையும் கல்லின் மேல் இடைவெளி விட்டுப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் ஒரே எடையுள்ள ஓட்டுத்துண்டை வையுங்கள். தினமும் அந்தந்த நீரைச் சில சொட்டு விட்டு நான்கு நாள் ஈரமாக வைத்திருங்கள். ஐந்தாம் நாள் காயவிடுங்கள்.

ஆறாம் நாள் ஓட்டுத்துண்டுகளை எடுத்துவிட்டு, நூலைச் சுருள்வில் தராசின் கொக்கியில் மாட்டிக் கல்லுக்கு இணையாக மெல்ல இழுங்கள். துணி விடுபட்ட கணத்தில் முள் காட்டிய எண்ணை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே குறியுங்கள். பொட்டாஷ் உரமும் சாப்பாட்டு உப்பும் இரண்டுமே குளோரைடுகள். அவற்றின் எண்கள் நெருங்கி வருகின்றனவா என்று பாருங்கள். சுண்ணாம்பு நீர்த் துணி மற்றவற்றைவிட எளிதாகக் கழன்று வந்தால் காரணத்தை யோசியுங்கள். கான்கிரீட்டுக்குள் கம்பி பல காலம் துருப்பிடிக்காமல் இருப்பதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு. மயில்துத்தத் துணிக்கு அடியில் சிவந்த ஒரு படலம் இருந்தால் அது துரு மட்டும்தானா என்பதைத் தேய்த்துப் பார்த்துச் சொல்லுங்கள்.

இன்னொரு வகுப்பு இதே சோதனையை ஆடியில் ஒருமுறை, மாசியில் ஒருமுறை செய்து இரண்டு எண்களையும் ஒப்பிடலாம். கூடலூர்ப் பள்ளியும் ஆண்டிபட்டிப் பள்ளியும் ஒரே வாரத்தில் செய்தால் இன்னும் நல்லது. ஓட்டுத்துண்டின் எடையையும் துணியின் அளவையும் இரண்டு பள்ளிகளும் முன்கூட்டியே பேசி ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும்.